ஸ்லாட் ரிசீவரை எடைபோடுவது எப்படி? வெஸ் வெல்கரை முன்வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் வெகு விரைவில் ஒரு பழைய வழக்கில் மாட்டிக்கொள்வார்கள். உயரமும் இல்லாத, பெரிய வேகமும் இல்லாத ஒரு ரிசீவர், அதாவது எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடும் வீரர், ஒரே பருவத்தில் நூறு கேட்சுகளுக்கு மேல் பிடித்துவிடுவார். ஒரு சாரார் அவரை அணியின் உயிர்நாடி என்பார்கள். அந்த இடத்தில் யாரை நிறுத்தினாலும் இத்தனை பிடித்திருப்பார்கள் என்று மறுசாரார் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இந்த வழக்கு மிகவும் சூடாக நடந்தது வெஸ் வெல்கர் என்ற ஸ்லாட் ரிசீவரைப் பற்றித்தான். ஐந்தடி ஒன்பது அங்குல உயரமுள்ள இவரை, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2004ஆம் ஆண்டு எந்த அணியும் எடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்காக 2007 முதல் 2012 வரை ஆடிய ஆறு பருவங்களில் 672 கேட்சுகள் பிடித்தார். அவற்றில் ஐந்து பருவங்களில் நூறைத் தாண்டினார்.

ஸ்லாட் ரிசீவரின் கேட்ச் எண்ணிக்கை அதன் தகுதிக்கு மேல் மதிக்கப்படுகிறது என்பதும், நல்ல ஸ்லாட் ரிசீவர் தன் தகுதிக்குக் கீழேதான் மதிக்கப்படுகிறார் என்பதும் என் கருத்து. இவை ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதைக் கீழ்வரும் படிகளில் காணலாம். வேறு எந்த ஸ்லாட் ரிசீவரைப் பற்றி விவாதம் எழுந்தாலும் இதே வரிசையில் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் படி: அவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

பந்து ஆட்டத்துக்கு வரும் நொடியில் தாக்கும் அணியின் பதினொரு பேரில் குறைந்தது ஏழு பேர் பந்து வைக்கப்பட்ட இடத்தை ஒட்டிய ஸ்கிரிமேஜ் கோட்டில் நிற்க வேண்டும் என்பது விதி. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ரிசீவர் பெரும்பாலும் அந்த ஏழு பேரில் ஒருவராக இருப்பார். அவருக்கும் நடுவில் நிற்கும் தடுப்பு வரிசைக்கும் இடைப்பட்ட வெளியில், பெரும்பாலும் கோட்டுக்கு ஒரு யார்டு பின்னால் நிற்பவரே ஸ்லாட் ரிசீவர்.

இந்த ஒரு யார்டு அவருக்கு இரண்டு சலுகைகளைத் தருகிறது. எதிரில் நிற்கும் காவலர், பந்து ஆட்டத்துக்கு வந்த (ஸ்னாப்) கணமே நெஞ்சில் கைவைத்து அவரை நிறுத்திவிடுவது கடினம் என்பது ஒன்று. ஓரத்து ரிசீவரைப் பக்கக்கோட்டை நோக்கி நெருக்கிவிட முடியும். ஸ்லாட்டில் நிற்பவருக்கோ இடமும் வலமும் திறந்தே கிடக்கின்றன என்பது மற்றொன்று. இதோடு விதிகளும் அவர் பக்கம் சாய்ந்தன. கோட்டிலிருந்து ஐந்து யார்டு தாண்டியபின் ரிசீவரைக் காவலர் தொட்டுத் தடுக்கக் கூடாது என்ற விதி முன்பே இருந்தாலும், 2004 பருவத்திலிருந்துதான் நடுவர்கள் அதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினார்கள். அதே பருவத்தில் வெல்கர் களத்துக்கு வந்தது தற்செயல்தான் என்றாலும், அவருக்கு மிகவும் வாய்ப்பாக அமைந்த தற்செயல்.

சலுகைக்கு உரிய விலையும் உண்டு. நடு மைதானத்தில் எதிரணியின் பருமனான லைன்பேக்கர்களும், அவர்களுக்கும் பின்னால் ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகளும் காத்திருப்பார்கள். பந்தின் மீது கண் வைத்து அந்த இடத்துக்குள் நுழைபவர் பக்கவாட்டிலிருந்து வரும் மோதலைப் பார்க்காமலேயே வாங்கிக்கொள்ள நேரும். 2013இல் டென்வர் பிராங்கோஸ் அணிக்கு ஆடியபோது அடுத்தடுத்து ஏற்பட்ட தலை அதிர்ச்சிக் காயங்களால் வெல்கர் பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களைத் தவறவிட்டார். “எளிய கேட்ச்” என்று சொல்லும்முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் படி: கேட்ச் எண்ணிக்கையை ஒதுக்கி வையுங்கள்

2017 பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல் முழுவதிலும் அதிகக் கேட்சுகள் பிடித்தவர் மியாமி டால்ஃபின்ஸ் அணியின் ஸ்லாட் ரிசீவர் ஜார்விஸ் லாண்ட்ரி. அவர் பிடித்தவை 112. அவற்றில் கிடைத்ததோ 987 யார்டு. ஒரு கேட்சுக்கு ஒன்பது யார்டுகூடத் தேறவில்லை. அதே பருவத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ஆன்டோனியோ பிரவுன் 101 கேட்சுகளில் 1,533 யார்டு எடுத்தார். பதினோரு கேட்சுகள் குறைவு, ஐந்நூறு யார்டுக்கு மேல் கூடுதல். கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளர் எத்தனை பந்துகளைச் சந்தித்தார் என்பதை மட்டும் வைத்து அவரை மதிப்பிட்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் கேட்ச் எண்ணிக்கையை மட்டும் வைத்து ரிசீவரை மதிப்பிடுவதும்.

ஆகவே முதலில் கேட்ச் ஒன்றுக்கு எத்தனை யார்டு என்று வகுத்துப் பாருங்கள். வெல்கரின் வாழ்நாள் கணக்கு 903 கேட்சுகள், 9,924 யார்டு, சராசரி பதினொன்று. லாண்ட்ரியின் அந்தப் பருவத்தைவிட இது நன்றாகவே மேல், ஓரத்தில் ஆடும் பெரிய ரிசீவர்களைவிடக் கீழ். இதோடு நின்றுவிட வேண்டாம். அவர் களத்தில் பந்துக்காக ஓடிய ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சராசரியாக எத்தனை யார்டு கிடைத்தது என்ற கணக்கு இதைவிட நேர்மையானது. பந்து வராத ஓட்டங்களும் அதில் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடுவதால், சும்மா எண்ணிக்கையை ஏற்றிக்கொள்பவரை அது காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் படி: எந்த நேரத்தில் கிடைத்த யார்டு என்று கேளுங்கள்

நான்கு டவுன்களுக்குள், அதாவது நான்கு முயற்சிகளுக்குள், பத்து யார்டு கடந்தால் பந்து மீண்டும் நான்கு டவுன்களுக்கு நம் கையில் இருக்கும். மூன்றாம் டவுனில் ஐந்து யார்டு தேவைப்படும்போது கிடைக்கும் ஆறு யார்டு, பந்தை நம்மிடமே வைத்திருக்கிறது. மூன்றாம் டவுனில் பன்னிரண்டு யார்டு தேவைப்படும்போது கிடைக்கும் அதே ஆறு யார்டு, பெரும்பாலும் அடுத்த முயற்சியில் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பதில்தான் முடியும். புள்ளிவிவர ஏட்டில் இரண்டும் ஒரே மாதிரி பதிவாகும்.

புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு ரிசீவருக்கும் கேட்ச், யார்டு ஆகியவற்றோடு, எத்தனை கேட்சுகள் புதிய முதல் டவுனைப் பெற்றுத் தந்தன என்பதும் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். கேட்சுகளில் எந்தப் பங்கு முதல் டவுனாக மாறியது என்று பாருங்கள். என்னைக் கேட்டால், ஸ்லாட் ரிசீவரைப் பொறுத்தவரை பந்தைக் கோல்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச்டவுன்களின் எண்ணிக்கையைவிட இந்தப் பங்குக்கே அதிக மதிப்புக் கொடுப்பேன். கோல்கோட்டுக்கு அருகில் இடம் சுருங்கிவிடும். அங்கே உயரமானவர்களைத் தேடிப் பந்து போவது வழக்கம்.

நான்காம் படி: காணொளியில் பந்தைப் பார்க்காதீர்கள், காவலரின் தோளைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியிலேயே அதிக நேரம் கேட்கும் படி இது. தவிர்க்கக் கூடாததும் இதுதான். தொலைக்காட்சி ஒளிபரப்பு பந்தைப் பின்தொடர்வதால், ரிசீவர் எப்படி விடுபட்டார் என்பது பாதி நேரம் திரைக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிடும். இருபத்திரண்டு பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கப்படும் பயிற்சியாளர் கோணப் பதிவை லீகே தன் கட்டணச் சேவையில் தருகிறது. அதில் மூன்றாம் டவுன்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

வெல்கரின் கைவந்த ஓட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர் ஆறு யார்டு அளவுக்கு நேராக ஓடுகிறார். அதற்குள் காவலர் தன் உட்பக்கம் நிற்கிறாரா, வெளிப்பக்கம் நிற்கிறாரா என்று படித்துவிட வேண்டும். உட்பக்கம் நின்றால் வெளியே வெட்டித் திரும்புவார். வெளிப்பக்கம் நின்றால் நடுவை நோக்கித் திரும்புவார். காவலர்கள் ஆளுக்கு ஆள் பின்தொடராமல் ஆளுக்கொரு பகுதியைக் காத்து நின்றால், இரண்டு காவலர்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் நின்று, பந்தை எறியும் குவாட்டர்பேக்கின் பக்கம் திரும்பிவிடுவார். இந்த மூன்றில் எது என்பது பந்து ஆட்டத்துக்கு வரும்முன் தீர்மானிக்கப்படுவதில்லை. பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கும் அதே காவலரைப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும்; ஏனெனில் ரிசீவர் திரும்பும்போது பந்து ஏற்கெனவே காற்றில் இருக்கும். ஒருவர் உள்ளே திரும்ப, மற்றவர் வெளியே எறிந்தால் பந்து எதிரணியின் கையில். பேட்ரியாட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிரேடியும் வெல்கரும் இதை ஆண்டுக்கு நூறு முறைக்கு மேல் பிசகாமல் செய்தார்கள் என்பதைப் பார்த்தபின், “யாரை நிறுத்தினாலும்” என்ற வாதம் என் காதில் ஏறவில்லை.

பார்க்கும்போது இரண்டு வகைக் கேட்சுகளையும் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். காவலர்கள் ஆழத்தில் நின்று முன்பகுதியைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும்போது பிடிக்கும் ஐந்து யார்டு கேட்ச் ஒரு வகை. தன்னையே குறிவைத்து ஒட்டி நிற்கும் ஒருவரைத் தோளை ஆட்டி, காலை மாற்றி, தவறான திசையில் சாயவைத்து விடுபட்டுப் பிடிப்பது இன்னொரு வகை. முதல் வகையே அதிகமாக இருக்கும் ரிசீவரைப் பற்றித்தான் “மிகைமதிப்பு” என்ற குற்றச்சாட்டு நிற்கும். எதிரணிகள் ஐந்தாவது பின்கள வீரராக ஒரு நிக்கல் கார்னரை இப்போது பெரும்பாலான நேரம் களத்தில் வைத்திருப்பதே, அந்த இடத்தில் நிற்பவரை லைன்பேக்கரிடம் ஒப்படைத்துவிட முடியாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டதால்தான்.

அவர் பந்து இல்லாமல் செய்யும் வேலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நடுவுக்கு அருகில் நிற்பதால், அணி பந்தை எறியாமல் கையில் ஏந்தி ஓடும்போது தன்னைவிடப் பருமனானவர்களை அவர் தடுக்க வேண்டியிருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் கூப்பர் கப் இதைச் சளைக்காமல் செய்தார். இதைச் செய்ய மறுப்பவர் களத்தில் இருந்தாலே பாஸ்தான் வரப்போகிறது என்று எதிரணி ஊகித்துவிடும்.

ஐந்தாம் படி: சுற்றியிருப்பவர்கள் மாறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்

வெல்கருக்கு எதிரான வாதம் இங்கேதான் வலுவாகத் தொடங்குகிறது. 2006இல் மியாமியில் அவர் பிடித்தவை 67 கேட்சுகள், 687 யார்டு. அடுத்த ஆண்டு டிராஃப்டின் இரண்டாம் சுற்று, ஏழாம் சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்து பேட்ரியாட்ஸ் அவரை வாங்கியது; உடனே 112 கேட்சுகள், 1,175 யார்டு. ஆளும் அதே, உடலும் அதே. புதிதாக வந்தவை பிரேடியின் கையும், ஆழத்தில் ஓடி சேஃப்டிகளைத் தன்னோடு இழுத்துச் சென்ற ரிசீவர் ராண்டி மாஸின் காலும். அமைப்புக்கு இதில் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் 2008 வந்தது. முதல் ஆட்டத்திலேயே பிரேடிக்கு முழங்கால் போய்விட, பருவம் முழுவதையும் மேட் காசல் ஆட வேண்டியதாயிற்று. கல்லூரிக் காலத்தில் ஓர் ஆட்டத்தில்கூடக் குவாட்டர்பேக்காகத் தொடக்க வரிசையில் இறங்காதவர் அவர். மாஸ் 1,493 யார்டிலிருந்து 1,008 யார்டுக்கு இறங்கினார். அவருடைய டச்டவுன்கள் 23இலிருந்து 11ஆகக் குறைந்தன. வெல்கரோ 111 கேட்சுகள், 1,165 யார்டு. ஒரே ஒரு கேட்சும் பத்து யார்டும்தான் குறைந்திருந்தன. அணி பதினொரு ஆட்டங்களை வென்றது.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குவாட்டர்பேக் யாராக இருந்தாலும் வெல்கர் விடுபட்டு நிற்பார் என்பது ஒரு வாசிப்பு. குறுகிய பாஸை அனுபவமற்றவராலும் எறிய முடியும், அதனால்தான் எண் குறையவில்லை என்பது மறுவாசிப்பு. நான் முதல் வாசிப்பின் பக்கம் சாய்வதற்குக் காரணம் 2011. மாஸ் முந்தைய ஆண்டே அணியை விட்டுப் போயிருந்தார். அந்தப் பருவத்தில் வெல்கர் 122 கேட்சுகளில் 1,569 யார்டு எடுத்தார். கேட்சுக்குச் சராசரி ஏறத்தாழ 13. அருகில் ராப் கிரான்கவ்ஸ்கி என்ற மலைபோன்ற டைட் எண்ட் (தடுப்பதும் பந்து பிடிப்பதும் செய்யும் வீரர்) இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் ஆழத்தைத் திறந்துவைக்க ஆள் இல்லாமலேயே தன் சராசரியை உயர்த்திக்காட்டியவரை வெறும் அமைப்பின் விளைச்சல் என்று சொல்வது பொருந்தாது.

இந்தச் சோதனையில் தேறாதவர்களும் உண்டு. லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியின் ஹன்டர் ரென்ஃப்ரோ 2021இல் 103 கேட்சுகள், 1,038 யார்டு, ஒன்பது டச்டவுன்கள் எடுத்தார். டைட் எண்ட் டேரன் வாலர் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்ட பருவம் அது. அடுத்த ஆண்டு அணி ரென்ஃப்ரோவுக்கு இரண்டாண்டு, 32 மில்லியன் டாலர் நீட்டிப்பு கொடுத்தது. அதே ஆண்டு புதிய பயிற்சியாளர் வந்தார், ரிசீவர் டாவன்டே ஆடம்ஸ் வந்தார், ரென்ஃப்ரோவுக்குக் காயங்களும் வந்தன. கிடைத்தவை 36 கேட்சுகள், 330 யார்டு. 2024 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. காயத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், ஒரே ஒரு நூறு கேட்ச் பருவத்தை நம்பிப் பெரிய தொகை எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

ஆறாம் படி: அவர் போனபின் அந்த இடம் என்ன ஆனது?

2012இல் ஏறத்தாழ 9.5 மில்லியன் டாலர் பெற்ற வெல்கரை அடுத்த ஆண்டு பேட்ரியாட்ஸ் விட்டுவிட்டது. அவர் இரண்டாண்டுக்கு 12 மில்லியனுக்கு டென்வர் போனார். அவர் இடத்துக்கென்று ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் டேனி அமன்டோலாவைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த இடத்தை நிரப்பியவர் வேறொருவர். கல்லூரியில் குவாட்டர்பேக்காக இருந்து, 2009இல் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டு, குறைந்த தொகைக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்த ஜூலியன் எடல்மன் 105 கேட்சுகள், 1,056 யார்டு எடுத்தார். “யாரை நிறுத்தினாலும்” என்பவர்களின் மிகப் பெரிய சான்று இதுதான்.

சான்றை இன்னும் சற்று நீட்டிப் பாருங்கள். பெரிய ஒப்பந்தத்தில் வந்த அமன்டோலாவுக்கு அதே பருவத்தில், அதே அமைப்பில், அதே பிரேடியிடமிருந்து கிடைத்தவை 54 கேட்சுகள். யாரை நிறுத்தினாலும் நூறு வரும் என்றால் இவருக்கும் வந்திருக்க வேண்டும். எடல்மனோ பின்னாளில், 2019 பிப்ரவரியில் நடந்த, லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் பத்து கேட்சுகள், 141 யார்டு எடுத்து ஆட்டநாயகன் விருது பெற்றார். அப்படிப்பட்டவரை மலிவாக வாங்க முடிந்தது என்பது, இந்த இடத்துக்கான திறமையைக் கண்டறிய அணிகளுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை என்பதைக் காட்டுகிறதே தவிர, அந்தத் திறமை எங்கும் கிடைக்கும் என்பதைக் காட்டவில்லை. சந்தையும் பிறகு திருத்திக்கொண்டது. ஸ்லாட்டிலும் ஓரத்திலும் ஆடும் டெட்ராய்ட் லயன்ஸ் வீரர் அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு 2024இல் கிடைத்தது நான்காண்டுக்கு 120 மில்லியன் டாலருக்கு மேல். அணிகளின் சம்பள உச்சவரம்பு 2013க்கும் 2024க்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்க, வெல்கரின் டென்வர் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் ஆண்டுத் தொகை ஐந்து மடங்காகியிருக்கிறது.

ஏழாம் படி: ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

வெல்கரைப் பற்றிப் பேசும்போது 2012 பிப்ரவரி 5 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த சூப்பர் பௌல் கட்டாயம் வரும். நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக பேட்ரியாட்ஸ் 17-15 என்று முன்னிலையில் இருந்தது; நான்கு நிமிடம் மீதமிருந்தது; பந்து எதிரணியின் 44 யார்டு கோட்டில். வெல்கர் காவலின்றி விடுபட்டு ஓடினார். பிரேடியின் பந்து அவருக்குச் சற்றே பின்னால், உயரத்தில் வந்தது. ஓடிய வேகத்தில் உடலைத் திருப்பித் தாவினார். இரண்டு கைகளிலும் பட்டுப் பந்து நழுவியது. சிறிது நேரத்தில் ஜயன்ட்ஸ் 21-17 என்று வென்றது. பிடித்திருக்க வேண்டிய பந்துதான். எறிந்த விதமும் நன்றாக இல்லை. ஆனால் புதியவர் கவனிக்க வேண்டியது வேறு. சூப்பர் பௌலின் கடைசி நிமிடங்களில், எதிரணி முழுக் கவனத்தோடு இருந்த நேரத்தில், ஓர் ஸ்லாட் ரிசீவர் இருபது யார்டுக்கு மேல் ஆழத்தில் தனியாக நின்றார். கேட்ச் தவறியதை வைத்து அவரைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் கதையின் இந்த முதல் பாதியைச் சொல்வதில்லை.

எட்டாம் படி: எதிர்த்திசைப் பிழையையும் சோதியுங்கள்

மிகைமதிப்பைத் தேடுபவர்கள் குறைமதிப்பைத் தவறவிடுவது வழக்கம். 2019இல் எல்எஸ்யு பல்கலைக்கழக அணியின் ஸ்லாட்டில் ஆடி 111 கேட்சுகள், 1,540 யார்டு எடுத்த ஜஸ்டின் ஜெஃபர்சன், ஓரத்தில் நின்று ஒட்டி ஆடும் காவலர்களைச் சமாளிப்பாரா என்ற சந்தேகத்தோடுதான் 2020 டிராஃப்டுக்கு வந்தார். நான்கு ரிசீவர்கள் அவருக்கு முன்பே எடுக்கப்பட்டார்கள். 21ஆவது இடத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் ஜேலன் ரேகரை எடுக்க, அடுத்த இடத்தில் மினசோட்டா வைக்கிங்ஸ் ஜெஃபர்சனை எடுத்தது. முதல் பருவத்திலேயே 1,400 யார்டு. 2022இல் 128 கேட்சுகள், 1,809 யார்டு. அதுவும் பெரும்பாலும் ஓரத்தில் நின்று. எனவே “ஸ்லாட்காரர்” என்ற முத்திரையைப் பார்த்தவுடன், அவர் அங்கே நிற்பது வேறெங்கும் ஆட முடியாததாலா, அங்கே நின்றால் அணிக்கு அதிகப் பயன் என்று பயிற்சியாளர் கருதியதாலா என்று விசாரியுங்கள். கூப்பர் கப் 2021இல் 145 கேட்சுகள், 1,947 யார்டு, 16 டச்டவுன்கள் என்று மூன்றிலும் லீகில் முதலிடம் பெற்றது இரண்டாவது காரணத்தால்தான்.

பயிற்சிக்கு 2011 செப்டம்பர் 12 அன்று நடந்த பேட்ரியாட்ஸ்-டால்ஃபின்ஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். வெல்கரின் 99 யார்டு டச்டவுன் அதில்தான் இருக்கிறது. முதல் முறை அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, இரண்டாம் முறை அதைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாம் டவுன்களை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் காவலர் எந்தப் பக்கம் நின்றார், வெல்கர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே தாளில் இப்போது ஆடும் ஒரு ஸ்லாட் ரிசீவரின் ஓர் ஆட்டத்தையும் எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.